மூத்தவ பொறுப்பு, நடுவுலவன் முரடு, கடைக்குட்டி செல்லம்: இதை நம்பிப் படிக்க வைக்கலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவளுக்கு 23 வயசு. சித்தூர் அரசுக் கல்லூரியில பி.காம். முடிச்சுட்டு பொள்ளாச்சியில ஒரு தேங்காய் மண்டியில கணக்கு எழுதறா. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து என் கையில கொடுத்துருவா. ரெண்டாவது பையன், 20 வயசு. கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் சேர்த்தோம். ஒரு வருசத்தோட நின்னுட்டு இப்ப வேலந்தாவளத்துல டூவீலர் ஒர்க்ஷாப்புல இருக்கான். ஒரு வார்த்தை சொன்னா எகிறறான். கடைசிப் பொண்ணு பிளஸ் டூ. நர்சிங் படிக்கப் பெங்களூர் போறேங்கறா. பள்ளிக்கூடத்துல பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்துக்கு ஒருத்தர் பேச வந்தார். முதல் பிள்ளை தலைமை தாங்கப் பிறந்தது, நடுப்பிள்ளை எதிர்த்துத்தான் நிக்கும், கடைசிப் பிள்ளை கஷ்டமான வேலை தாங்காது, பாட்டு, பேச்சுன்னு போனாத்தான் தேறும், இதெல்லாம் விஞ்ஞானத்துல நிரூபிச்சாச்சுன்னு சொன்னார். எங்க வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. ரெண்டு மாட்டை வித்தா ஒருத்தருக்குத்தான் பணம் கட்ட முடியும். எங்க வீட்டுக்காரரோட அண்ணன், மூத்தவளுக்குக் கல்யாணத்தை முடி, சின்னவளைப் பக்கத்துலயே பி.ஏ. சேர்த்துவிடுன்னு சொல்றார். நானும் எங்க வீட்டுக்கு மூத்தவதான். தம்பி தங்கச்சிகளைப் பாத்துக்க ஏழாவதோட நின்னுட்டேன். அவர் சொன்னதை வெச்சு முடிவு பண்ணலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். எத்தனையாவதாகப் பிறந்தது என்பதை வைத்து உங்கள் மூன்று பிள்ளைகளில் ஒருவருடைய படிப்பைக்கூட முடிவு செய்யாதீர்கள். அந்தப் பேச்சாளர் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்திருப்பதால், அந்த விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னது அவராகக் கட்டிய கதை இல்லை. 1874இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்பவர் பெயர்பெற்ற விஞ்ஞானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, அவர்களில் மூத்த மகன்களே அதிகம் என்று எழுதினார். பிறகு வியன்னாவில் ஆல்பிரட் ஆட்லர் என்ற மருத்துவர் வந்தார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த பிள்ளை சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்டதாக உணர்கிறது, அதனால் ஒழுங்கையும் அதிகாரத்தையும் விடாமல் பற்றிக்கொள்கிறது, இரண்டாவது பிள்ளை அண்ணனை முந்தப் பார்க்கிறது, கடைசிப் பிள்ளை செல்லத்தில் வளர்கிறது என்றார். 1996இல் பிராங்க் சல்லோவே என்ற அமெரிக்க ஆய்வாளர், பின்னால் பிறந்தவர்களே பழைய கருத்துகளை உடைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று வரலாற்றிலிருந்து ஏராளமான பெயர்களை எடுத்துக்காட்டி எழுதினார். டார்வின் ஆறு பிள்ளைகளில் ஐந்தாவது என்பது அவர்கள் விரும்பிச் சொல்லும் உதாரணம். மேடையில் பேசுபவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த மூவர் வழியாக வந்ததுதான்.

ஆனால் நம் பெரியவர்கள் இதற்கு நேர் எதிராக 'மூத்தது மோழை, இளையது காளை' என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தப் பழமொழிக்கும் பொருந்துகிற வீடுகளை உங்கள் தெருவிலேயே காட்ட முடியும். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கூற்றுகளுக்கும் ஆதாரம் கிடைக்கிறது என்றால், வீடு வீடாகப் பார்த்து ஆமாம் போடுவதை நிறுத்திவிட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2015இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலும் 20,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் தகவல்களை எடுத்துக்கொண்டார்கள். கலகலப்பாகப் பழகுவது, மனம் கலங்காமல் இருப்பது, பிறரோடு இணங்கிப்போவது, பொறுப்பாக வேலை செய்வது, கற்பனை வளம் ஆகிய ஐந்திலும் மூத்தவர், நடுவில் பிறந்தவர், இளையவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் 3,77,000 பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்விலும் குணத்துக்கும் பிறந்த வரிசைக்கும் உள்ள தொடர்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்றே வந்தது. துணிந்து இறங்குவது கடைசிப் பிள்ளையின் குணம் என்பதையும் 2019இல் தனியாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், அதற்கும் ஆதாரம் இல்லை. 2024இன் கடைசியில் வந்த ஒரு பெரிய ஆய்வில் மட்டும், நடுவில் பிறந்தவர்களும் கடைசியில் பிறந்தவர்களும் அடக்கத்திலும் இணங்கிப்போவதிலும் ஒரு துளி கூடுதலாக இருக்கிறார்கள் என்று வந்திருக்கிறது. அதிலும் பெரும்பகுதி, பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டில் வளர்ந்ததால் வந்தது. எப்படியிருந்தாலும் அது உங்கள் பேச்சாளர் சொன்னதற்கு நேர் மாறானது. நடுப்பிள்ளை எதிர்த்து நிற்கும் என்றல்லவா அவர் சொன்னார்?

அறிவுத்திறன் தேர்வுகளில் மட்டும் ஒரு சிறிய வித்தியாசம் திரும்பத் திரும்ப வருகிறது. சராசரி மதிப்பெண் 100 என்று வைத்த தேர்வில், வரிசையில் ஒரு படி கீழே போகும்போது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மதிப்பெண் குறைகிறது. ஒரு பிள்ளையே அதே தேர்வை வேறு வேறு நாளில் எழுதினாலும் இதைவிட அதிகமாக ஏறும், இறங்கும். லட்சக்கணக்கானவர்களின் சராசரியில் கண்ணுக்குத் தெரிகிற இந்த வித்தியாசம், உங்கள் கடைசி மகள் நர்சிங் படிப்பாளா மாட்டாளா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அப்படியானால் அவர் பேச்சு உங்கள் வீட்டுக்கு ஏன் அவ்வளவு பொருந்தியது? முதல் காரணம் வயது. இது எளிமையானது, ஆனால் எல்லாருமே கவனிக்கத் தவறுவது. 23 வயதுப் பெண்ணையும் 17 வயதுப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தினால் பெரியவள் பொறுப்பாகத்தான் தெரிவாள். எந்த நாளில் பார்த்தாலும் மூத்தது வயதில் பெரியதாகவே இருக்கும், அதனால் மூத்தது எப்போதும் பக்குவமாகவே தோன்றும். மூத்தவள் பிளஸ் டூ படித்த வருடத்தில் எப்படி இருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் எத்தனை தடவை எழுப்ப வேண்டியிருந்தது? துணி மடித்து வைத்தாளா? அந்த வயது மூத்தவளைத்தான் இந்த வயது இளையவளோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது காரணம், நீங்கள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்றை எதிர்பார்த்து வளர்த்திருக்கிறீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது.

இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றி நார்வே நாட்டில் செய்த ஓர் ஆய்வை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2007இல் வெளிவந்தது. ராணுவத்தில் சேர வந்த 2,40,000க்கும் மேற்பட்ட இளைஞர்களின் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தார்கள். மூத்தவர்களுக்கும் இரண்டாமவர்களுக்கும் சராசரியாக இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. பிறகு அவர்களுக்குள் ஒரு தனிக் கூட்டத்தைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் இரண்டாவதாகப் பிறந்தவர்கள். ஆனால் முதல் பிள்ளை கைக்குழந்தையாகவே இறந்துபோனதால், வீட்டுக்கு மூத்த பிள்ளையாக வளர்ந்தவர்கள். அவர்களுடைய மதிப்பெண் மூத்தவர்களுடைய மதிப்பெண்ணைப் போலவே இருந்தது. மேலே இரண்டு பிள்ளைகளை இழந்த வீட்டில் மூன்றாவதாகப் பிறந்து மூத்தவராக வளர்ந்தவர்களுக்கும் அப்படியே. அப்படியென்றால் வயிற்றில் எத்தனையாவது என்பது கணக்கே இல்லை. வீட்டில் எந்த இடத்தில் நிறுத்தி வளர்த்தார்கள், யாரிடம் எவ்வளவு பேசினார்கள், யாரை நம்பி எந்த வேலையைக் கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. என் தொழிலில் நான் படித்தவற்றில் இந்த ஒரு தகவல் எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தருகிறது. பிறந்த வரிசையை யாராலும் மாற்ற முடியாது, ஆனால் வீட்டில் கொடுத்த இடத்தை நாளைக் காலையிலேயே மாற்றலாம்.

அமெரிக்காவில் ஒரு பொருளாதார ஆய்வாளர் பெற்றோர் பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டார். ஒரே வயதில் இருக்கும்போது, இரண்டாவது பிள்ளைக்குக் கிடைப்பதைவிட முதல் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 நிமிடம் அதிகமாகக் கிடைக்கிறது. நீங்கள் மூலத்தறைக் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர், தலைமடைக்குக் கிடைப்பது கடைமடைக்கு வந்து சேராது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைமடை வயல் காய்ந்தால் மண்ணைக் குற்றம் சொல்வோமா?

தொழில் விஷயத்துக்கு வருகிறேன். குணத்தைவிடத் தொழிலில்தான் பிறந்த வரிசை கொஞ்சம் தலைகாட்டுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. சுவீடனில் ஆண்களின் பதிவுகளை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், மூத்தவர்கள் மேலாளர் பதவிகளில் அதிகம் இருந்தார்கள், பின்னால் பிறந்தவர்கள் சொந்தத் தொழிலில் அதிகம் இருந்தார்கள். அங்கே உளவியலாளர் நேரில் பேசி மதிப்பிட்டபோது பொறுப்பேற்கும் தன்மையிலும் மூத்தவர்கள் சற்று முன்னால் வந்தார்கள். ஆகவே ஆய்வாளர்களுக்குள் வாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் அது பணக்கார நாடு. படிக்க அரசே பணம் தருகிற நாடு. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் ஏழைக் குடும்பங்களைப் பார்த்தபோது வரிசை தலைகீழானது. அங்கே பின்தங்கியது மூத்த பிள்ளைகள்தான். நம் நாட்டைப் பற்றி 2017இல் வந்த ஓர் ஆய்வு பிள்ளைகளின் உயரத்தை எடுத்துக்கொண்டது. இந்தியக் குழந்தைகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிடக் குட்டையாக இருப்பதற்குக் காரணம் தேடியபோது, அந்தக் குறை முதல் பிள்ளையிடம் இல்லை, இரண்டாவதில் தொடங்கி மூன்றாவதில் கூடுகிறது என்று தெரிந்தது. மூத்த ஆண் பிள்ளைக்கு முதலிடம் கொடுக்கும் வழக்கமே இதற்குக் காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். சுவீடனில் ஒரு மாதிரி, ஈக்வடாரில் வேறு மாதிரி, இங்கே இன்னொரு மாதிரி. ஒரு பிள்ளையின் இயல்பு நாட்டுக்கு நாடு இப்படி மாறாது. குடும்பம் சோற்றையும் பணத்தையும் வேலையையும் எப்படிப் பங்கிடுகிறது என்பதுதான் மாறுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது, உங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரி. வீட்டுக்கு மூத்தவள் என்பதால் ஏழாவதோடு நின்றீர்கள். உங்களைப் பார்த்தும் 'இவ பொறுப்பானவ' என்றுதான் அன்று சொல்லியிருப்பார்கள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டு, இவளுக்குக் குழந்தை வளர்க்கத் தெரிகிறது என்று மெச்சியிருப்பார்கள். அந்தப் பொறுப்பு உங்கள் பிறவிக் குணம் இல்லை, உங்களிடம் ஒப்படைத்த வேலை. பாலக்காட்டில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில், வாளையாரிலிருந்து வந்தாலும் கோவிந்தாபுரத்திலிருந்து வந்தாலும், மூத்த பெண் இப்படித்தான் இருக்கிறாள். தனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டால் பதில் வர வெகுநேரம் ஆகிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

அதனால் மூத்தவளிடமிருந்து தொடங்குங்கள். கடிதம் முழுவதும் அவளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது அவள் கொண்டுவந்து கொடுக்கும் சம்பளத்தையும், அவள் கல்யாணத்தையும் பற்றித்தான். மேலே படிக்க ஆசைப்பட்டாளா, மண்டி வேலை பிடித்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. பிரச்சினை கொடுக்காத பிள்ளையைப் பற்றிக் கடிதத்தில் எழுத ஒன்றும் இருக்காது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் மாட்டை விற்கும் பேச்சில்கூட அவள் பெயர் ஏன் வரவில்லை என்று நீங்கள் யோசிக்க வேண்டும். அவளுக்கு அரசுக் கல்லூரி, தம்பிக்குக் கோவையில் கட்டணக் கல்லூரி. இங்கே வேலை செய்தது பிறந்த வரிசையா, ஆண் பெண் என்ற வித்தியாசமா? மனம் நோகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். பிறந்த வரிசையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வி எப்போதும் அடியில் போய் ஒளிந்துகொள்கிறது.

பி.காம். படித்த, இரண்டு மொழியும் பேசத் தெரிந்த பெண் அவள். மலையாளம் எழுதப் படிக்கவும் வந்தால், தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) பாலக்காடு, இடுக்கி போன்ற மாவட்டங்களில் தனியாக அறிவிக்கும் கிளார்க் பணியிடங்களுக்கு அவள் முயலலாம். பொதுவான கிளார்க் தேர்வுக்கு 36 வயது வரை எழுதலாம், பிற்படுத்தப்பட்டோருக்கு 39. பி.எஸ்.சி.யின் 'துளசி' தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்துவைத்தால் போதும், அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பித்துக்கொள்ளலாம். அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் பதிவு செய்து தருவார்கள். எம்.காம். படிக்க ஆசை என்றால் அதையும் கேளுங்கள். அடுத்த மாதத்திலிருந்து அவள் சம்பளத்தில் ஒரு பங்கை அவள் பெயரிலேயே வங்கியில் போடச் சொல்லுங்கள். படிப்புக்கோ தேர்வுப் பயிற்சிக்கோ அவள் எடுத்துக்கொள்ளட்டும், வீட்டுக்கு அவசரம் வந்தாலும் அதில் கை வைக்காதீர்கள்.

கல்யாணத்தை அவள் விரும்பினால் செய்யுங்கள். 'மூத்தவளுக்கு முடிச்சாத்தான் சின்னவளுக்கு' என்ற கணக்கில் செய்யாதீர்கள். வரிசை ஒரு பெண்ணின் தொழிலை எப்படித் தீர்மானிக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த வழக்கத்தைத்தான். தங்கைக்கு வயது ஏறுகிறது என்று அக்காவின் படிப்பை நிறுத்துகிறோம், பிறகு அக்கா படிக்கவில்லை என்று சொல்கிறோம்.

இந்த இடத்தில் உங்களுக்கும் ஒன்று சொல்ல ஆசை. ஏழாவது தேறிய சான்றிதழ் கையில் இருந்தால், கேரள சாட்சரதா மிஷன் (அரசின் எழுத்தறிவு இயக்கம்) நடத்தும், பத்தாம் வகுப்புக்கு நிகரான சமநிலைத் தேர்வை நீங்களே எழுதலாம். பஞ்சாயத்தில் அந்த மிஷனின் ஊழியரான பிரேரக் இருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

மகனைப் பற்றி. அவன் நடுப்பிள்ளை மட்டும் இல்லை, வீட்டின் ஒரே பையனும்கூட. நம் வீடுகளில் இந்த இரண்டாவது பாரம்தான் பெரியது. இன்ஜினியரிங் யார் எடுத்த முடிவு? அவன் கேட்டானா, நீங்கள் சேர்த்தீர்களா? 'சேர்த்தோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியை விட்டவன் ஊர் சுற்றவில்லை, ஒரு ஒர்க்ஷாப்பில் தினமும் போய் நிற்கிறான். கைக்கு வேலை தெரிந்த பையன் என்று எனக்குத் தோன்றுகிறது. எகிறுவது அவமானத்தில் இருக்கலாம். பணம் வீணாகிவிட்டது என்று அவனுக்கும் தெரியும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் யாராவது அதை நினைவுபடுத்தியும் இருப்பார்கள்.

புறநானூற்றில் ஒரு பாண்டிய மன்னன், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கல்வியைப் பற்றிப் பாடியிருக்கிறான். ஒரே குடும்பத்தில் பலர் பிறந்தாலும் 'மூத்தோன் வருக என்னாது' அவர்களில் அறிவுடையவன் சொல்லும் வழியில்தான் அரசும் செல்லும் என்கிறான். உங்கள் மூத்தாரிடம் பேசும்போது இதை எடுத்துச் சொல்லலாம். நம் முன்னோர் பிறந்த வரிசையைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே பாட்டில் அவன் இன்னொன்றும் சொல்கிறான். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளும் கல்வியில் சிறந்தவன் பக்கம் தாயின் மனமும் சாயும் என்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே கவனித்திருக்கிறார்கள். உங்கள் மனமும் சாய்ந்திருக்கலாம், அதை உங்கள் மகன் பார்த்திருப்பான். அக்காவின் பெயரைச் சொல்லி அவனைத் திட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவனுக்கு வழி அடைபடவில்லை. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு இருக்கிறது, மலம்புழாவில் அரசு ஐ.டி.ஐ. உண்டு. பாலக்காடு அரசு பாலிடெக்னிக்கும் எட்டுகிற தூரம்தான். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிப்ளமோவில் இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர்கள் பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம். கஞ்சிக்கோட்டிலும் கோவையிலும் சான்றிதழோடு கைவேலை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். சேருவதா வேண்டாமா என்று அவன் சொல்லட்டும். ஒர்க்ஷாப்பிலேயே தொழில் கற்றுச் சொந்தமாகக் கடை வைக்கிறேன் என்றால் அதுவும் மரியாதையான பாதைதான். அப்போது கணக்கு எழுத அக்காவிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசி மகளுக்கு வருவோம். இவள் விஷயத்தில்தான் அந்தப் பேச்சு உடனடியாகக் கெடுதல் செய்யப் போகிறது என்று பயப்படுகிறேன். கடைக்குட்டி கஷ்டம் தாங்காது என்று யாரோ சொன்னதற்காக, பதினேழு வயதில் ஒரு பெண் தானாக ஒரு தொழிலின் பெயரைச் சொல்லியிருப்பதைத் தட்டிவிடாதீர்கள். செல்லமாக வளர்ந்தது அவள் செய்த தேர்வு இல்லை. அவளிடம் யாரும் பொறுப்பு கொடுக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதிலிருந்து கரண்ட் பில் கட்டுவது வரை அக்கா செய்துவிடுகிறாள்.

நர்சிங் கடினமான படிப்பு, கடினமான வேலை. இரவு ஷிப்ட், நின்றுகொண்டே இருப்பது, ரத்தம், மரணம் எல்லாம் உண்டு. அவள் தாங்குவாளா என்பதை வீட்டில் உட்கார்ந்து யூகிக்காதீர்கள். உங்கள் ஊரில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண் கட்டாயம் யாராவது இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இவளைத் தனியாக அனுப்பி, எல்லாவற்றையும் கேட்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு முழுப் பொறுப்பை, அக்கா தலையிடாமல், இவளிடம் கொடுங்கள். காலைப் பாலைச் சொசைட்டியில் ஊற்றுவதும் அந்தக் கணக்குப் புத்தகமும் இவளுடையதாக இருக்கட்டும். முதல் வாரம் சொதப்புவாள். அப்போது அதைப் பிடுங்கி மூத்தவளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பெங்களூர்தான் போக வேண்டும் என்பதில்லை. கேரளத்தில் அரசு நர்சிங் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் எல்.பி.எஸ். சென்டர் என்ற அரசு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்கள் முக்கியம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம். பெங்களூர் என்று முடிவானால், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் கர்நாடக மாநில கவுன்சிலின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். எல்லை ஊர்களில் ஏஜென்டுகள் வீடு தேடி வருவார்கள், இன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் சீட் என்பார்கள். கட்டாதீர்கள். நீங்களோ மூத்தவளோ கல்லூரிக்கு நேரில் போய் வகுப்பையும், பயிற்சி கொடுக்கும் மருத்துவமனையையும், விடுதியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம். பால் பணம் ஒவ்வொரு மாதமும் வருகிற வருமானம், அதை ஒரே தவணைக் கட்டணத்துக்காக இழந்துவிட்டால் அடுத்த தவணைக்கு எங்கே போவீர்கள்? வங்கிகளின் கல்விக்கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ இணைக் கடன்காரராகக் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அட்மிஷன் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போங்கள். மேனேஜரிடம் உங்கள் கடைசி மகளே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கையெழுத்துப் போடும் முன் வட்டி எவ்வளவு, படிக்கும் காலத்திலும் வட்டி ஏறுமா, மானியம் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளையும் அவளைக் கேட்கச் சொல்லுங்கள்.